45 கிலோவுக்கு ஒரு ஹார்னெஸ்

என் இடுப்பளவு 62 சென்டிமீட்டர், தொடை 46, எடை 45 கிலோ. தையற்காரரிடம்கூட இத்தனை விவரம் சொன்னதில்லை. மரமேறும்போது உடம்பைக் கயிற்றோடு பிணைக்கும் வார்க்கட்டான ஹார்னெஸ் ஒன்றைத் தேடத் தொடங்கிய பிறகு, இந்த மூன்று எண்களையும் கோயம்புத்தூர், பெங்களூரு, டெல்லி என்று முகம் தெரியாத கடைக்காரர்களிடமெல்லாம் தொலைபேசியில் ஒப்பித்துவிட்டேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இருக்காது. பிறகு எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்: “அட்ஜஸ்ட் செய்துகொள்ளலாம் மேடம், ஃப்ரீ சைஸ்தான்.”

ஃப்ரீ சைஸ் நைட்டி வாங்கிய எந்தப் பெண்ணுக்கும் தெரியும், அந்த அளவு யாருக்கும் பொருந்தாது, யார் மீதும் தொங்கும். நைட்டி தொங்கினால் போகட்டும். இங்கே தொங்கப்போவது நான்.

ஆனைமலையில், வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே திட்டுத் திட்டாக மிஞ்சியிருக்கும் மழைக்காடுகளில், மரக்கிளைகளின் மேல் வளரும் ஆர்க்கிட்களையும் பெரணிகளையும் கணக்கெடுப்பது என் வேலை. வெடிப்பலாவும் நாங்கும் முப்பது மீட்டருக்கு நிற்கும் காடு அது. கீழேயிருந்து பைனாகுலரில் பார்த்தால் கிளையின் அடிப்பக்கம்தான் தெரியும். நான் எண்ண வேண்டிய செடிகளோ கிளையின் முதுகில் பாசியோடு பாசியாக உட்கார்ந்திருக்கின்றன. ஏறித்தான் ஆக வேண்டும்.

ஏறுவது என்றால் மரத்தைக் கட்டிப் பிடித்து ஏறுவதில்லை. அடிமரம் இரண்டு பேர் கை கோத்தாலும் அடங்காது. காலில் இரும்பு முள் கட்டி ஏறினால் பட்டை புண்ணாகும். பெரிய கவண் ஒன்றால், சிறு ஈயப் பை கட்டிய மெல்லிய நூலை உறுதியான கிளைக்கு மேலே அடிக்கிறோம். நூலோடு நைலான் கயிறு மேலே போகிறது. கயிற்றின் ஒரு முனையை அடிமரத்தில் கட்டிவிட்டு மறுமுனையில் ஏறுகிறோம். கயிற்றில் இரண்டு பிடிகள். ஒன்று நெஞ்சருகே ஹார்னெஸோடு இணைந்தது. இன்னொன்று கையில் பிடிப்பது, அதிலிருந்து காலுக்கு ஒரு கண்ணி தொங்கும். கண்ணியில் எழுந்து நின்றால் நெஞ்சுப் பிடி மேலே நகரும். ஹார்னெஸில் உட்கார்ந்தால் கைப்பிடி விடுபடும், அதை மேலே தள்ளலாம். எழு, உட்கார், எழு, உட்கார். கை பலம் இதில் பெரிதாகத் தேவையில்லை. தொடைதான் வேலை செய்கிறது. என்னைவிட 30 கிலோ அதிகமுள்ள ஆண் நண்பர்கள் பாதி வழியில் மூச்சு வாங்கும்போது நான் நிதானமாகப் போய்விடுவேன். மெலிந்த உடம்புக்கு இவ்வளவு தோதான வேலை வேறில்லை என்றே சொல்வேன். ஆனால் அந்த ‘உட்கார்’ என்கிற பாதி வேலை முழுக்க ஹார்னெஸில் நடக்கிறது.

திட்டத்தில் எனக்கு முதலில் கொடுத்தது கட்டட வேலைக்கான முழு உடல் ஹார்னெஸ். நம் ஊரில் வன்பொருள் கடையிலேயே கிடைப்பது. இந்தியத் தர எண் ஐ.எஸ் 3521 அச்சிட்டு, பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அதைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது. சாரத்தில் நிற்பவர் கால் தவறினால் முதுகுப்புற வளையத்தில் பிடித்து நிறுத்துவது அதன் கடமை. ஒரே ஒரு முறை, ஒரு நொடி. உட்கார்ந்து வேலை செய்வதற்காக அதை யாரும் வடிவமைக்கவில்லை. மெத்தை இல்லாத இரண்டு வார்கள் தொடையின் உட்புறமாக ஏறி வரும். அவற்றில் அரை மணி நேரம் உட்கார்ந்து ஆர்க்கிட் எண்ணுங்கள் என்று சொல்வது நாற்காலிக்குப் பதிலாக சீட் பெல்ட்டைக் கொடுப்பது.

எனக்கு அதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. எல்லாப் பக்கிள்களையும் கடைசிவரை இழுத்த பிறகும் தொடை வாருக்கும் தொடைக்கும் இடையே என் முழங்கை போனது. எங்களோடு காட்டுக்கு வரும் காடர் சமூகத்து அண்ணன் ஒருவர் என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “பாப்பா, இதற்குள் இன்னொரு ஆளையும் கூட்டிக்கொண்டு போகலாம்” என்றார். அவருடைய முன்னோர் தேன் எடுக்கப் போகும்போது மரத்தில் மூங்கில் முளைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடித்து, அவற்றில் கால் வைத்து ஏறியவர்கள். அதில் அளவுப் பிரச்சினை கிடையாது. தன் கால் எட்டும் தூரத்தில் தன் முளையைத் தானே அடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது பாறையேறுபவர்களின் இடுப்பு ஹார்னெஸ். இதில் பெண்களுக்கென்றே தனி வடிவம் உண்டு, சிறிய அளவுகளும் உண்டு. இந்தியாவில் மலையேற்றப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. இடுப்பில் அழகாகப் பொருந்தியது. அரைக் கிலோகூட எடை இல்லை. இரண்டு வாரம் சந்தோஷமாகத்தான் இருந்தேன். பாறையேறுபவர் பெரும்பாலான நேரம் பாறையில்தான் நிற்கிறார், விழும்போது மட்டுமே ஹார்னெஸில் தொங்குகிறார். மரத்தில் நாங்கள் மணிக்கணக்காகத் தொங்குகிறோம். அது மட்டுமல்ல, கிளையோரம் நகர்ந்து சாய்ந்து வேலை செய்ய இடுப்பின் இரு பக்கமும் உலோக வளையங்கள் வேண்டும். அவற்றிலிருந்து ஒரு குட்டைக் கயிறு மரத்தைச் சுற்றி வந்து மறு வளையத்தில் மாட்டும். பாறை ஹார்னெஸில் பக்கவாட்டில் இருக்கும் கண்ணிகள் கருவி தொங்கவிடத்தான். அவை ஆள் எடை தாங்க மாட்டா. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இந்த ஹார்னெஸில்தான் வலது தொடையின் வெளிப்புறம் மரத்துப்போக ஆரம்பித்தது. தரைக்கு வந்த பிறகும் உள்ளங்கை அளவுக்கு ஓரிடம் எரியும், கிள்ளினால் உறைக்காது. மருத்துவர் பேனாவால் என் தொடையில் ஒரு கோடு போட்டு விளக்கினார். தொடையின் வெளிப்புறத் தோலுக்கு உணர்வு கொடுக்கும் நரம்பு, முன்பக்க இடுப்பெலும்பின் முனையை ஒட்டி இறங்கி வருகிறது. இறுக்கமான பெல்ட் அந்த இடத்தில் அழுத்தினால் நரம்பு நசுங்கும். மெரால்ஜியா பேரெஸ்தெட்டிகா என்று அதற்குப் பெயர். கருவிப் பட்டை கட்டும் தொழிலாளர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், இறுக்கமான ஜீன்ஸ் போடுபவர்களுக்கும் வருவதுதான். அழுத்தம் நீங்கினால் பெரும்பாலும் தானாகச் சரியாகும். எனக்கும் சரியாயிற்று. எலும்புக்கும் பட்டைக்கும் நடுவே சதை இல்லாதவளுக்கு, பட்டை எந்த இடத்தில் உட்காருகிறது என்பதுதான் முதல் கேள்வி; எவ்வளவு சுற்றளவு என்பது இரண்டாவது. அந்தப் பேனாக் கோடு வரும்வரை கடைக்காரர்களும் நானும் இரண்டாவது கேள்வியை மட்டுமே பேசிக்கொண்டிருந்தோம்.

மர உச்சி ஆராய்ச்சியின் வரலாற்றில் உடம்புக்கேற்ற கருவி என்பது எப்போதுமே கைவேலையாகத்தான் இருந்திருக்கிறது. கையில் பிடிக்கும் ஏறுபிடிக்கு ஜூமார் என்று பெயர் வந்ததே ஜூசி, மார்ட்டி என்ற இரண்டு சுவிஸ்காரர்களின் பெயரைச் சேர்த்துத்தான். 1958இல் விற்பனைக்கு வந்தது. ஜூசி கழுகுகளை ஆராய்ந்தவர். பாறைக் கூடுகளுக்குக் கயிற்றில் போய்வர அவருக்கு ஒரு வழி தேவைப்பட்டது. நெஞ்சில் மாட்டும் பிடியின் பிரபலமான வகை க்ரோல். அதைச் செய்யும் பெட்சில் நிறுவனம் இருக்கும் பிரெஞ்சு ஊரின் பெயர் அது. நிறுவனர் பெர்னான் பெட்சில் குகை ஆராய்ச்சியாளர். குகையின் ஆழத்துக்கு இறங்கி ஏறச் செய்த கருவிகளைத்தான் நாங்கள் காட்டின் உச்சிக்கு ஏறி இறங்கப் பயன்படுத்துகிறோம். 1978இல் டொனால்ட் பெர்ரி கோஸ்டாரிக்கா மழைக்காட்டில் குறுக்குவில்லால் நூல் எய்து கயிற்றில் ஏறும் முறையை ஆய்விதழில் எழுதினார். அதற்கு அடுத்த ஆண்டு, ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த மெக் லோமன், கார் சீட் பெல்ட் வாரைத் தைத்துத் தன் முதல் ஹார்னெஸைத் தானே செய்துகொண்டார். தன் உடம்பை அளந்து தானே தைத்தது என்பதால் அது பொருந்தியிருக்கும் என்று நம்புகிறேன்.

நம் பக்கத்திலும் இந்தக் கதை உண்டு. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில், மாஞ்சோலைக்கு மேலே உள்ள கக்காச்சிக் காட்டில், தொண்ணூறுகளிலேயே சௌபத்ரா தேவியும் கணேஷும் கயிற்றில் ஏறி மர உச்சிகளை ஆராய்ந்தார்கள். வெடிப்பலாவின் பூக்களை வௌவால்களும் அணில்களும் சிங்கவால் குரங்குகளும் தேடி வந்து தின்பதையும், அந்த வருகையில் மகரந்தம் கைமாறுவதையும் எழுதியவர்கள் அவர்கள். நான் இன்று ஏறும் மரத்தைப் பற்றி எனக்கு முன் ஒரு பெண் கயிற்றில் தொங்கிக்கொண்டு குறிப்பெடுத்திருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு தெம்பு உண்டு. அமெரிக்காவில் நளினி நட்கர்ணி என்ற மர உச்சி ஆய்வாளர், சிறுமிகளுக்காக மரமேறும் பார்பி பொம்மை ஒன்றை உருவாக்கினார். பழைய பொம்மைகளை வாங்கி, மரமேறும் உடையும் தலைக்கவசமும் மாட்டிவிட்டார்கள். அந்த இடுப்புக்கே அளவெடுத்துச் செய்திருக்கிறார்கள் என்ற எண்ணம் எனக்கு வராமல் இல்லை.

சரி, பொறாமை போதும்.

மரமேறிக் கிளை வெட்டும் தொழிலாளர்களுக்கென்றே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தனி ஹார்னெஸ்கள் வருகின்றன. பெட்சிலின் சீக்வோயா, ஆஸ்திரிய நிறுவனமான டொய்ஃபெல்பெர்கரின் ட்ரீமோஷன், அமெரிக்காவின் நியூ ட்ரைப் என்று பெயர்கள் நீளும். அகலமான முதுகு மெத்தை, இரண்டு தொடைப் பட்டைகள், பக்க வளையங்கள் எல்லாம் இருக்கும். அவற்றோடு முன்புறம் இரண்டு வளையங்களை இணைக்கும் ஒரு குட்டைக் கயிறும் உண்டு. அதை பிரிட்ஜ் என்கிறார்கள். ஏறுகயிறு அந்த பிரிட்ஜில் மாட்டப்பட்டு இடம் வலமாக வழுக்கிச் செல்லும். நாம் பக்கவாட்டில் திரும்பினால் ஹார்னெஸ் நம்மைப் பிடித்து இழுக்காது. ஈ.என் 813 என்ற ஐரோப்பியத் தர எண் இருந்தால் உட்கார்ந்து தொங்குவதற்குச் சோதிக்கப்பட்டது, ஈ.என் 358 இருந்தால் பக்க வளையங்களில் சாய்ந்து வேலை செய்யச் சோதிக்கப்பட்டது. மரத்துக்கு இரண்டும் வேண்டும்.

அளவு அட்டவணையில்தான் என் போன்றவர்களுக்குக் கண்ணி. ‘இடுப்பு இத்தனை முதல் இத்தனை வரை’ என்று போட்டிருப்பார்கள். அந்தக் கீழ் எண் பட்டை எவ்வளவு தூரம் சுருங்கும் என்பதைச் சொல்கிறதே ஒழிய, அந்த அளவில் ஹார்னெஸ் வேலை செய்யுமா என்பதைச் சொல்வதில்லை. முதுகு மெத்தை ஒரு குறிப்பிட்ட நீளத்துக்குத் தைக்கப்பட்டது, அது சுருங்காது. சுருங்குவது முன்னால் இருக்கும் வார் மட்டும். மெலிந்த இடுப்பில் மெத்தையின் இரு முனைகளும் வயிற்றின் முன்னால் வந்து ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். முட்டிய பிறகு எவ்வளவு இழுத்தாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இறுகாது, வார் மட்டும் நீளும். இதைவிட மோசம், பக்க வளையங்கள் அந்த மெத்தையோடு சேர்த்துத் தைக்கப்பட்டவை. இடுப்பின் பக்கத்தில் இருக்க வேண்டியவை என் வயிற்றுப் பக்கம் வந்து நின்றன. அதில் குட்டைக் கயிற்றை மாட்டிச் சாய்ந்தால் இழுவிசை இடுப்பில் விழாமல் மெத்தையை முன்னால் இழுத்துக் குவிக்கிறது, முதுகுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஒரு நண்பரின் ஹார்னெஸைப் போட்டுப் பார்த்தபோது இதைக் கண்ணால் பார்த்தேன். அட்டவணைப்படி அது எனக்கு ‘சரியான’ அளவு.

ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டியது, மெத்தையின் நீளம் என்ன, முன் வார்கள் இரு பக்கமும் இழுபடுமா ஒரு பக்கம் மட்டுமா, பக்க வளையங்களுக்கு இடையே பின்புறமாக எவ்வளவு தூரம் என்பவற்றைத்தான். ஒரு பக்கம் மட்டும் இழுபடும் பட்டையில் மெலிந்தவர் எவ்வளவு இழுக்கிறாரோ அவ்வளவுக்கு மெத்தை கோணலாகச் சுற்றிக்கொள்ளும். இவற்றைக் கேட்டால் பாதிப் பேர் பதில் சொல்ல மாட்டார்கள். மீதிப் பேர் டேப்பை எடுத்துவந்து அளந்து சொல்வார்கள். அந்த மீதிப் பேரிடம் வாங்குங்கள்.

இடுப்பளவை விடவும் பெண்களுக்குச் சிக்கல் தருவது இடுப்புப் பட்டைக்கும் தொடைப் பட்டைக்கும் இடையே உள்ள உயரம். பெண்ணின் இடுப்பெலும்பு அமைப்பில் இந்த உயரம் பொதுவாக ஆணைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. இணைப்பு வார் குட்டையாக இருந்தால் உட்கார்ந்ததும் தொடைப் பட்டை இடுப்புப் பட்டையைக் கீழே இழுக்கும். அது நேராக அந்த நரம்பின் மேல் வந்து அமரும். நீளமாக இருந்தால் இடுப்புப் பட்டை விலா வரை ஏறி மூச்சை அடைக்கும். எனக்கு இரண்டும் நடந்திருக்கிறது, வெவ்வேறு ஹார்னெஸ்களில். பட்டையின் கீழ் விளிம்பு இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் உட்கார வேண்டும். எடை முழுவதையும் தொடைப் பட்டைகள் வாங்கிக்கொள்ள வேண்டும். இடுப்புப் பட்டை முதுகைத் தாங்கினால் போதும். இந்த உயரத்தை முன்னாலும் பின்னாலும் தனித்தனியாக மாற்ற முடிகிற ஹார்னெஸ் என்றால் விலை கூடுதலானாலும் யோசிக்க வேண்டாம். பின்பக்க வார் கழற்றி மாட்டும்படி இருந்தால் இன்னும் நல்லது. காட்டில் சிறுநீர் கழிக்க ஆண்களுக்கு ஜிப் போதும். நமக்கு இடுப்புப் பட்டையைக் கழற்றாமல் தொடைப் பட்டையை மட்டும் இறக்க முடிவது எவ்வளவு பெரிய வசதி என்று எந்த விளம்பரத்திலும் எழுத மாட்டார்கள்.

தேடலின் நடுவே பொள்ளாச்சியில் தார்ப்பாயும் பயணப் பையும் தைக்கும் கடை ஒன்றுக்கும் போனேன். பெரியவர் அந்த ஆரஞ்சு ஹார்னெஸை வாங்கி வாரை விரலில் சுற்றிப் பார்த்தார். “விடு கண்ணு, நாலு அங்குலம் உள்ளே பிடித்து அடித்துத் தருகிறேன், யானை தொங்கினாலும் போகாது” என்றார். அவர் தையலை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் ஹார்னெஸில் எடை தாங்கும் ஒவ்வொரு இணைப்பும் இயந்திரத்தில் நெருக்கமாக முன்னும் பின்னும் ஓட்டிய தனி வகைத் தையல். வார் ஒரு நிறம், நூல் வேறு நிறம்; ஒரு இழை அறுந்தாலும் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக அப்படி. அந்த வாரில் ஊசி புதிதாக இறங்கும் ஒவ்வொரு இடமும் யாரும் இழுத்துச் சோதிக்காத இடம். மெக் லோமன் தைத்தபோது அவருக்கு வாங்கக் கடை இருந்ததா என்று தெரிந்துகொள்ளத் தேவையில்லை. இன்று எனக்கு இருக்கிறது. பெரியவரிடம் கயிற்றுப் பை ஒன்று மட்டும் தைத்து வாங்கிக்கொண்டேன். அது இன்னும் உழைக்கிறது.

மெலிந்தவர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. எல்லாவற்றையும் இறுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். தோழி ஒருத்தி இரு கைகளாலும் இடுப்புப் பட்டையைப் பிடித்துக் கீழே பலமாக இழுக்க வேண்டும். இடுப்பெலும்பைத் தாண்டி இறங்கினால் அந்த ஹார்னெஸை நீங்கள் அணியக் கூடாது. தலைகீழாகப் புரண்டால் அதே வழியில் நீங்கள் வெளியே வந்துவிடுவீர்கள். சிறு குழந்தைகளுக்கு முழு உடல் ஹார்னெஸ் போடுவது இதனால்தான். அவர்களுக்குப் பட்டையை நிறுத்த இடுப்பு இல்லை. மலையேற்றத் தரத்தில் 40 கிலோவுக்கு உட்பட்டவர்களுக்கென்றே ஒரு முழு உடல் வகை இருக்கிறது. 45 கிலோவில் நான் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறேன், ஆனால் வெகு தூரத்தில் இல்லை. அதனால் இடுப்பு ஹார்னெஸோடு நெஞ்சுப் பட்டையும் சேர்த்தே அணிகிறேன். நெஞ்சுப் பிடியை நேராக நிறுத்தவும் அது உதவுகிறது. தோள் வார்கள் இருந்தால், எடை ஏறாத நேரத்தில் பட்டை வழுக்கி இறங்காது. தலைக்கவசம், காரபினர் என்ற கொக்கி வளையங்கள், கத்தி, குறிப்பேடு என்று பக்கத்தில் தொங்குபவை எல்லாம் பட்டையைக் கீழே இழுக்கின்றன. மரமேறும் ஹார்னெஸ் வெறுமனே சுமார் இரண்டு கிலோ வரும். 80 கிலோக்காரருக்கு அது ஒன்றுமில்லை.

எடை குறைவு என்பதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. விழுவோரைத் தாங்கும் அதிர்வு உறிஞ்சிகளை ஐரோப்பியத் தரப்படி 100 கிலோ எடையை விழவைத்துச் சோதிக்கிறார்கள். நிறுத்தும் விசை 6 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. 100 கிலோ ஆளுக்கு அது தன் எடையைப் போல ஆறு மடங்கு. அதே 6 கிலோநியூட்டன் என் மேல் விழுந்தால் கிட்டத்தட்ட பதின்மூன்றரை மடங்கு. லேசான ஆள் மெதுவாகத்தான் விழுவாள் என்று நினைப்பவர்கள் பள்ளி இயற்பியலை ஒருமுறை திரும்பப் பார்க்கலாம். கயிற்றில் தொய்வு விடாமல் ஏறுவது எல்லோருக்கும் விதி. எனக்கு அது இரட்டை விதி. இறங்கும்போது வேறு தொல்லை. தடித்த கயிறு, அதிலும் மழையில் ஊறியது, இறங்கு கருவியில் என் எடைக்கு நகரவே நகராது. பிறர் கருவியைப் பிடித்து வேகத்தைக் குறைப்பார்கள். நான் கயிற்றைக் கையால் ஊட்டி ஊட்டி இறங்குவேன்.

கடைசியில் வாங்கியது சீக்வோயாவின் மிகச் சிறிய அளவு. அவர்கள் அளவுகளை 0, 1, 2 என்று எண்ணிடுகிறார்கள். பூஜ்யம் என்னுடையது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒரு நண்பர் பெட்டியில் கொண்டுவந்தார். பிரிட்ஜ் கயிறு நீளமாக இருந்தது. உட்கார்ந்தால் பிடி என் கைக்கு எட்டாத உயரத்தில் நின்றது. பிரிட்ஜ் தனியாக மாற்றக் கூடிய பாகம். அதே நிறுவனத்தின் குட்டை நீளத்தை வாங்கி மாற்றினேன். தொடைப் பட்டை நன்றாகப் பொருந்துகிறது. உள்ளங்கையைத் தட்டையாகச் செருகினால் போகும். முஷ்டியைச் செருகினால் போகாது. இடுப்பில் மெத்தை முனைகளுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி மிஞ்சுகிறது. அந்த இரண்டு விரல்தான் எனக்கு வாழ்வு. கீழாடைக்கு மேல் மழைக்கால்சட்டையும் அட்டைப்பூச்சி ஏறாமல் தடுக்கும் காலுறையும் போட்டுத்தான் இதையெல்லாம் அளந்தேன். வெயில் நாளில் மெல்லிய துணியில் அளந்துவிட்டு ஜூனில் காட்டுக்குப் போகிறவர்களுக்கு அந்த இடைவெளி வேறாக இருக்கும்.

நாங்கள் தங்கியிருக்கும் வீட்டின் பின்னால் ஒரு பலா மரம். புது ஹார்னெஸ் எதுவானாலும் முதலில் அதன் கிளையில், கால் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்கும்படி தொங்கிப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஐந்து நிமிடத்தில் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். பத்தாவது நிமிடத்தில் தொடையின் உள் மடிப்பில் ஏதேனும் ஓரம் தன்னைக் காட்டிக்கொள்ளும். இருபதில் கால் விரல்கள் குளிர்கிறதா என்று பார்க்க வேண்டும். தனியாக இதைச் செய்யக் கூடாது. அசையாமல் தொங்கும் உடம்பில் கால்களிலிருந்து இரத்தம் மேலே திரும்புவது குறைந்து மயக்கம் வரலாம். நினைவு தப்பியவரை உடனே இறக்கியாக வேண்டும். பூஜ்ய அளவில் அரை மணி நேரம் தொங்கியபடியே அன்றைய கணக்கெடுப்புப் படிவங்களைச் சரிபார்த்து முடித்தேன். கீழே இறங்கித் தொடையைக் கிள்ளினேன். வலித்தது.

துணி வார்களுக்கு ஆயுள் உண்டு. தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் பத்தாண்டுகளை உச்சவரம்பாகச் சொல்கிறார்கள். எங்கள் மழையிலும் பூஞ்சையிலும் அதற்கு முன்பே ஓய்வு கொடுக்க வேண்டி வரலாம். அதற்குள் நம் நாட்டிலேயே யாராவது இந்த அளவில் செய்தால் நல்லது. கேரளத்தில் தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் தென்னையேறும் பயிற்சி தொடங்கியபோது பெண்களும் வந்து கருவி வைத்து ஏறக் கற்றுக்கொண்டார்கள். வாங்க ஆள் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

என் அளவுள்ள பெண்கள் யாரேனும் வால்பாறைப் பக்கம் வந்தால், பணம் கட்டும் முன் என்னுடையதைப் போட்டுக்கொண்டு பலா மரத்தில் அரை மணி நேரம் தொங்கிப் பார்க்கலாம். உங்கள் தலைக்கவசத்தையும் மழைக்கால்சட்டையையும் நீங்களே கொண்டுவாருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம், மழை விடாது. பிப்ரவரி நல்ல மாதம்.